குளத்து நீரும் தாள் நுண்ணோக்கியும்

ஐந்தாம் வகுப்பிற் பயிலும் என் பெயர்த்தி ஒருநாள் மாலை, "தாத்தா, குளத்து நீரில் வாழும் உயிர்களைப் பற்றிச் செயல்திட்டம் கொண்டுவரச் சொன்னார்கள்" என்றாள். அவள் தந்தை கடைக்குச் சென்று, இணையத்தினின்று எடுத்த வண்ணப் படங்களை அச்சிட்டு வந்தார். அவை அட்டையில் ஒட்டப்பெற்றன, செயல்திட்டமும் முடிந்தது. குளமோ எங்கள் தெருக்கோடியிலேயே உள்ளது. அதனருகே ஒருவரும் சென்றிலர்!

இதற்காகக் கருவிகளைப் பழித்தல் முறையன்று. தமிழ்ப் பண்டிதனுக்கு அறிவியலில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும். குழந்தையின் உள்ளத்தில் வினாப் பிறக்குமுன் விடை அச்சாகி வந்தது. ஈதே பிழை என்பது என் கருத்து.

ஆலந்து நாட்டுத் துணி வணிகராகிய லேவன்ஹுக் என்பார், பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர். தாமே அமைத்த சிறு வில்லையினூடே 1674ஆம் ஆண்டில் ஏரி நீரை நோக்கி, வெறுங்கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் நீந்தக் கண்டார். அன்னதொரு கருவி இன்று சிறுவர் கைக்கும் எட்டியுள்ளது. இந்தியாவிற் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மனு பிரகாஷ் என்னும் அறிஞர், தம் குழுவினருடன் தாளை மடித்தே அமைக்கத்தக்க நுண்ணோக்கியொன்றை உருவாக்கி 2014இல் வெளியிட்டார். 'ஃபோல்ட்ஸ்கோப்' என்பது அதன் பெயர். சின்னஞ்சிறு வில்லையொன்று பொருளை ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டும். கைப்பேசியை அதனோடு பொருத்திப் படமும் எடுக்கலாம்.

அதனை வருவித்துப் பெயர்த்தியிடம் கொடுத்தேன். இருமுறை பிழையாக மடித்தாள், யான் உதவவில்லை. பின்னர் இருவரும் குளக்கரை சென்று, பாசி படிந்த நீரிற் சில துளி எடுத்து வந்தோம். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென, "தாத்தா! செருப்பின் வடிவில் ஒன்று ஓடுகிறது!" எனக் கூவினாள். எனக்கு அதன் பெயர் தெரியாது. கைப்பேசியில் எடுத்த படத்தை மறுநாள் ஆசிரியரிடம் காட்டியபோது, அது பரமீசியமாகலாம் என்றாராம். படத்தின் பயன் இங்கன்றோ விளங்குகின்றது!

வகுப்புக்கு ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே போதும், வீடுதோறும் வேண்டா. ஆயின் மதிப்பெண்ணை அட்டையின் அழகுக்கு வழங்காது, மாணவர் தம் சொல்லால் எழுதிய குறிப்பேட்டிற்கு வழங்குதல் வேண்டும். பெயர்த்தியின் குறிப்பேட்டில் கோணலாக ஒரு படம் உள்ளது. அதன்கீழ், "கிணற்று நீரிலும் இது இருக்குமா?" என எழுதியிருக்கிறாள். நாளைக் காலை கிணற்றடிக்குச் செல்கின்றோம்.