கொன்ஸ்தான்ஸ் கோபுரத்து ஒரு சொல்

கல்லாற் கட்டிய கோபுரத்துக்கு ஆயுள் நீளம். ஆனால், அதைக் கட்டியவனின் நோக்கத்துக்கு அத்துணை நீண்ட ஆயுள் வாய்ப்பதில்லை. அரசன் ஒன்றை எண்ணிக் கட்டுகின்றான். காலம் அதனை வேறொன்றுக்கு ஆளாக்குகின்றது. பின்வரும் தலைமுறையோ இவ்விரண்டையும் விடுத்து மூன்றாவதொன்றை நினைவிற் கொள்கின்றது. பிரான்சின் தென்பகுதியிலுள்ள எக்மோர்த் என்னும் பழம்பட்டினத்துக் கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தைக் கண்டபோது இவ்வுண்மை எனக்குத் தெளிவாயிற்று. அங்கே என்னைத் தடுத்து நிறுத்தியது கோபுரத்தின் உயரமன்று. கல்லிற் கீறப்பட்ட ஒரே ஒரு சொல். மொழி கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க சொல் அது. ஆதலின் அதுபற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

எக்மோர்த் என்ற பெயருக்குச் ‘செத்த நீர்’ என்று பொருள். உப்பங்கழியும் சதுப்பும் சூழ்ந்த அந்நிலத்தை 1240ஆம் ஆண்டளவில் அயலிலிருந்த மடத்துத் துறவிகளிடமிருந்து ஒன்பதாம் லூயி மன்னர் பெற்றார். மத்தியதரைக் கடலிலே தம் முடிக்குரிய துறைமுகம் ஒன்று வேண்டும் என்பதே அவர் எண்ணம். துறைமுகத்தைக் காக்க எழுந்தது இக்கோபுரம். வட்ட வடிவம், ஆறு மீற்றர் தடித்த சுவர், முப்பது மீற்றர் அளவான உயரம், அதன் உச்சியிற் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குக் கூண்டு. 1248இல் மன்னர் இங்கிருந்துதான் சிலுவைப் போருக்குக் கப்பலேறினார். 1270இல் மீண்டும் புறப்பட்டார். தூனிஸ் நகரருகே நோயுற்று இறந்தார். 1297இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது.

பின்னர் நீர்வழிகள் மணலால் தூர்ந்தன. வணிகம் மார்செய்க்குப் போயிற்று. துறைமுகம் தன் தொழிலை இழந்தது. கோபுரமோ சிறையாகத் தொழில் பெற்றது.

அச்சிறையின் கதையை விளங்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நான்த் சாசனத்தின் மூலம் புரட்டஸ்தாந்தியருக்கு வழிபாட்டுரிமை அளித்தார். 1685இல் அவர் பேரன் பதினான்காம் லூயி அதனை நீக்கினார். கோயில்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர், காட்டிலும் மலையிலும் கூடி வழிபட்டோர் வேட்டையாடப்பட்டனர். அகப்பட்ட ஆடவர் கப்பல்களிற் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். பெண்களிற் பலர் கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைக்கப்பட்டனர். புனிதர் எனப் போற்றப்பட்ட மன்னர் கட்டிய கோபுரம், செபித்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட பெண்களின் சிறையாயிற்று.

அவர்களுள் ஒருவரே மரி துரான் அம்மையார். 1711இல் விவாரே மலைநாட்டிற் பிறந்தவர். அவருடைய தமையன் பியேர், மறைந்து வாழ்ந்து போதித்த போதகர். 1730இல் அம்மையார் சிறைப்பட்டார். 1732இல் தமையன் மொன்பெலியே நகரில் தூக்கிலிடப்பட்டார். அம்மையார் வெளியே வந்தது 1768இல். முப்பத்தெட்டு ஆண்டுகள்! பத்தொன்பது வயதிற் படியேறியவர் ஐம்பத்தாறு வயதிற் படியிறங்கினார்.

இத்துயரக் கதையிலே நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்சிறையின் திறப்பு காவலரிடம் மட்டும் இருக்கவில்லை. கைதிகளின் நாவிலும் இருந்தது. ‘என் சமயத்தை விட்டேன்’ என்ற ஓர் உறுதிமொழியே விடுதலைக்கு வழி. அவ்வாறு மொழிந்து வெளியேறியோரும் இருந்தனர். அவர்களை இகழ நமக்கு உரிமையில்லை. குளிரும் ஈரமும் நோயும், பிரிந்த பிள்ளைகளின் நினைவும் வருத்துகையில் எவர்தாம் தளரார்? ஆயினும், அவர்கள் தளர்ந்தமையை அறியும்போதே தளராதோரின் உறுதி எத்தன்மையது என்பது நமக்குப் புலனாகின்றது. ஒருநாள் துணிவது வேறு. ஒவ்வொரு காலையும் புதிதாகத் துணிவது வேறு. முப்பத்தெட்டு ஆண்டு என்பது ஏறத்தாழப் பதினாலாயிரம் காலைகள்.

கோபுரத்தின் மேலறையில், தளத்தின் நடுவே ஒரு வட்டத் துவாரம் உண்டு. அது கீழறையை நோக்கித் திறந்திருக்கிறது. அத்துவாரத்தின் கல்விளிம்பிலேதான் அச்சொல் கீறப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘ரெசிஸ்தே’ என்றால் எதிர்த்து நிற்றல் என்று பொருள். கல்லில் உள்ளதோ ‘ரெஜிஸ்தே’. ஓரெழுத்து மாறியிருக்கிறது. நான் நின்றவேளை, ஆசிரியை ஒருவர் தம் பாடசாலை மாணவரை அழைத்து வந்திருந்தார். ஒரு சிறுவன் அவ்வெழுத்தைச் சுட்டிக்காட்டினான். ‘ஆம், எழுத்துப் பிழை, எழுதியவருக்குப் படிப்புக் குறைவு’ என்று கூறிவிட்டு, அவர் உச்சித் தளத்துக்கு ஏறும் படிகளை நோக்கி நடந்தார். அங்கிருந்து பார்த்தால் நகர மதிலும் உப்பளங்களும் அழகாகத் தெரியும். அவருக்கு நேரம் போதாதிருந்திருக்கலாம். எனினும், அவ்விடை எனக்கு உவப்பாயில்லை.

அதனைப் பிழையென்று கூறுதல் தகாது என்பதே என் கருத்து. அது மலைநாட்டுப் பேச்சொலியைத் தழுவிய எழுத்து என்பர் அறிந்தோர். பாரிஸ் நகரத்துச் சபைகள் வகுத்த முறையில் அது எழுதப்படவில்லை. பிறந்த மண்ணிலே நாவில் ஒலித்தபடி எழுதப்பட்டிருக்கிறது. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாணவன் கட்டுரையில் எழுத்துப் பிழைத்தால் திருத்துவது ஆசிரியர் கடன். ஆனால், கல்லை ஊசியாலோ ஆணியாலோ நாட்கணக்காகக் கீறிய கையின் முன்னே சிவப்பு மையை எடுத்தல் ஆகாது. அவ்வொரு மாற்றெழுத்தே அச்சொல்லை எழுதியோரின் ஊரையும் குலத்தையும் நமக்கு அறிவிக்கிறது. அதனைத் திருத்தினால் சொல் எஞ்சும், எழுதியவர் மறைவார்.

எழுதியவர் யார்? மரபு மரி துரான் அம்மையாரையே சுட்டுகின்றது. கல்லில் ஒப்பம் இல்லை. ஒப்பம் இல்லாமை ஒரு குறையென நான் கருதவில்லை. அம்மையாரின் பெயர் நிலைத்தமைக்கு அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களே போதிய சான்று. ஜெனீவாவிலிருந்த தமையன் மகளுக்கும், வெளிநாட்டுத் திருச்சபையாருக்கும் அவர் எழுதினார். உடன் இருந்தோர்க்காகவும் உதவி வேண்டி எழுதினார். கடிதம் எழுத அறியாத பெண்களுக்கோ அவ்வொரு சொல்லன்றி வேறு சான்றில்லை. அதனை ஒருவருக்கே உரிமையாக்காது, அவ்வறையில் வாழ்ந்த யாவருக்கும் பொதுவாக விடுவதே அறம்.

இனி, அச்சொல்லின் பொருளுக்கு வருவோம். அதனை ‘எதிர்த்து நில்!’ எனப் போர்முழக்கமாகப் பெயர்ப்போர் உளர். அப்பொருளும் அதற்கு உண்டு. ஆயினும், பிரெஞ்சு இலக்கணப்படி அது நம் தொழிற்பெயரை ஒத்த வடிவம். அதில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமில்லை; இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற காலமில்லை. மேலும், தாக்குதலைத் தாங்கி நிற்றலையும் அதே சொல் குறிக்கும். புயலைத் தாங்கும் சுவருக்கும் பளுவைத் தாங்கும் கயிற்றுக்கும் அச்சொல்லை ஆள்வர். நம் பேச்சில் ‘தாக்குப்பிடித்தல்’ என்போமே, அதுவே மிக நெருங்கிய தமிழ் என்பேன்.

இக்கோபுரமே இருவகை எதிர்ப்பையும் கண்டிருக்கிறது. 1705இல் கமிசார்க் கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரான ஆபிரகாம் மசெல் சுவர்க் கல்லொன்றைப் பெயர்த்து, துணிகளைக் கயிறாக்கித் தோழர் பதினறுவருடன் இறங்கித் தப்பினார். வியக்கத்தக்க வீரந்தான். ஆனால், கல்லைப் பெயர்த்தவரைக் காட்டிலும் கல்லில் எழுதியோரையே உலகம் மிகுதியாக நினைக்கின்றது. முன்னவர் சுவரை வென்றார். பின்னவர் சுவருக்குள்ளேயே இருந்து, சுவரைக் கட்டுவித்த ஆட்சியை நாணச்செய்தனர். அம்மாகாணத்துக்குத் தலைவராய் வந்த பொவோ இளவரசர் அப்பெண்களைக் கண்டு மனம் இளகி விடுதலைக்கு வழிசெய்தார். 1787இல் பதினாறாம் லூயி மன்னர் புரட்டஸ்தாந்தியரின் குடியுரிமையை ஏற்றுச் சாசனம் வழங்கினார். 1776இல் மறைந்த மரி துரான் அம்மையார் அதனைக் காணவில்லை.

‘கொன்ஸ்தான்ஸ்’ என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் ‘உறுதி, நிலைபெறுதல்’ என்ற பொருளும் உண்டு. அப்பெண்கள் வருமுன்னரே கோபுரத்துக்கு வழங்கிய பெயர் அது. பெயருக்குத் தக்க பொருளை அளித்தோர் மன்னரல்லர், கொத்தருமல்லர். ஆசிரியப் பெருமக்கள் என்றேனும் இக்கதையைத் தம் மாணவருக்குக் கூறுவாராயின், சிலுவைப் போரின் ஆண்டுகளோடு நிறுத்திவிடலாகாது. அவ்வொரு சொல்லைக் கரும்பலகையில் எழுதுக. கல்லில் உள்ளவாறே, அந்த மாற்றெழுத்தோடு எழுதுக. அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று மாணவர் வினவுவர். உண்மையான பாடம் அவ்வினாவிலிருந்தே தொடங்கும்.