மலைப்பயணத்திற்கு முதல் ஆயத்தம்

உப்பிலியபுரத்தினின்று புளியஞ்சோலைக்குப் புறப்படும் இளைஞர் கூடாரம், கயிறு, அரிசி, தூண்டில் ஆகியவற்றைக் கருத்தாய்த் தேடுகின்றனர். இவை வேண்டுவனவே, ஆயினும் இவற்றிற்கும் முந்தி வேண்டுவது அவ்வாற்றின் இயல்பறிதல் என்பது எம் துணிபு.

கொல்லிமலைமேல் அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாறே ஆகாயகங்கை அருவியாய் வீழ்ந்து, புளியஞ்சோலையை அடைகின்றது. ஆதலின் அடிவாரத்தில் வானம் வெளுத்திருப்பினும், மலைமேற் பெய்த மழை சிறுபொழுதில் வெள்ளமாய் இறங்கும். மணல் மெத்தென்றிருக்கின்றதென்று ஆற்றோரத்திற் கூடாரமடித்து உறங்குவோனுக்கு எழுந்தோடவும் நேரமிராது. கரையில் ஒதுங்கிய சருகும் சுள்ளியும் முன்வந்த வெள்ளத்தின் உயரத்தைக் காட்டும். அதற்கும் மிக மேலே, மேட்டுநிலத்தில் தங்குவதே அறிவுடைமை.

தூண்டிலுக்கும் வரம்புண்டு. காப்புக்காட்டில் விதிமீறி மீன்பிடித்தலை 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம் தடுக்கின்றது. அன்றியும், அறப்பளீசுவரர் கோயிலருகே ஆற்றுமீன்களை மக்கள் தெய்வமாய்ப் போற்றி உணவிடுகின்றனர். நம் சமயம் வேறாயினும், அயலார் போற்றுவதை நாம் வறுத்துண்ணுதல் அன்பாகுமோ?

ஆகவே நண்பர்காள், வனத்துறையாரிடம் இசைவு பெற்று, மலைவாழ் மக்களிடம் மழையும் வழியும் கேட்டறிந்து, அதன் பின்னரே மூட்டை கட்டுமின்!