இரண்டு ரூபாயின் வலிமை

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். எவரும் ஒரே தாவலில் ஏறுவதில்லை. கலை முயற்சிக்கும் அதுவே நெறி என்போம்.

அவ்வூர்க் கோடையில், குளிர்பதனப் பெட்டி இல்லாத இல்லத்திலும் குல்பி செய்யலாம். சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பாலை மூடியிட்ட தகரக் குவளையில் ஊற்றி, உப்பிட்ட பனிக்கட்டித் தூளில் புதைத்தால் போதும். உப்பு, பனிக்கட்டியின் குளிரைச் சுழியத்திற்கும் கீழே இறக்கிப் பாலை உறையவைக்கும்.

கையிலுள்ளதைக் கொண்டு ஆக்கும் இவ்வறிவு கலைக்கும் பொருந்தும். குஜராத்தின் பாற்கூட்டுறவு உழவர் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் அளித்ததால் 1976இல் ‘மந்தன்’ திரைப்படம் உருவாயிற்று.

நம் மாணவரோ சிறு இதழுக்கும் நாடகத்துக்கும்கூடப் புரவலரை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர்; காத்திருப்பிலேயே ஆர்வம் கருகிவிடுகிறது. ஆளுக்குப் பத்து ரூபாய் திரட்டி இவ்வாண்டே தொடங்குக. பெரியோர் முதல் பத்து ரூபாயைத் தந்து வாழ்த்துக.