விலை ஏறலையாம்! பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க தோழர்களே!

மாசத்தோட முதல் ஞாயிற்றுக்கிழமை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுற வரிசை. நமக்கு முன்னாடி நிக்கிற அக்கா ட்ராலியில இருந்து ஒவ்வொரு சாமானா எடுத்து வைக்கிறாங்க. மொத்தத் தொகையைக் கேட்டதும் ஒரு நொடி அமைதி. அப்புறம் மெதுவா, "இந்த நெய்யை எடுத்துடும்மா... அந்த முந்திரியும் வேணாம்."

பின்னாடி நிக்கிற யாரும் அவங்க முகத்தைப் பார்க்கிறதில்லை. ஏன்னா அடுத்து நம்ம முறை.

இந்தக் காட்சியைப் பார்க்காத தோழர் யாராவது இருக்கீங்களா? போன வருஷம் இதே பையை நிரப்பின பணம் இன்னைக்கு முக்கால் பைக்குத்தான் வருது. வீட்டுக்கு வந்து பில்லை நாலு தடவை பார்த்தாலும் எங்க போச்சுன்னு புரியல. டிவியைப் போட்டா "பணவீக்கம் குறைந்தது"ன்னு செய்தி. நமக்குத்தான் கணக்குத் தெரியலையோன்னு ஒரு சந்தேகம் வேற.

உங்க கணக்கு தப்பில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல, "பணவீக்கம் குறைஞ்சிருச்சு"ன்னா என்ன?

விலை குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லை. விலை ஏறுற வேகம் குறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். மாடிப்படியில ஓடி ஏறினவன் இப்ப நடந்து ஏறுறான். கீழே இறங்கி வரலை.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்னு மத்திய அரசின் புள்ளிவிவரம் வந்தது. பெருமையா பேசினாங்க. அந்தக் கணக்குக்குள்ளே போய்ப் பார்த்தா, காய்கறி விலை ஒரு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட சுமார் 27 சதவீதம் கம்மி. நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு வருஷத்துக்கு முன்னாடி, 2024 அக்டோபரில், அதே காய்கறி 42 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய் 142 ஆச்சு. திரும்பி 103 ஆச்சு. கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குது, அவ்வளவுதான்.

அதே மாசம், அதே கணக்குல எண்ணெய், கொழுப்பு வகைகள் 11 சதவீதம் ஏற்றம். காய்கறி இறங்கினதைக் காட்டி எண்ணெய் ஏறினதை மறைக்கிற வேலைக்குத்தான் "சராசரி"ன்னு பேரு. சராசரியை வச்சு தாளிக்க முடியாது, எண்ணெயை வச்சுத்தான் தாளிக்கணும்.

2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு என்ன சொல்லுது? கிராமத்துக் குடும்பம் செலவழிக்கிற நூறு ரூபாயில் 47 ரூபாய் சாப்பாட்டுக்கே போகுது. நகரத்தில் கிட்டத்தட்ட 40 ரூபாய். இந்தப் பதிவு முழுக்க அந்தப் பணத்தைப் பத்தித்தான்.

தக்காளி விலை இறங்கும். பாக்கெட் விலை?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கா? ஊரே பேசுச்சு. மீம்ஸ் பறந்துச்சு. சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்துச்சு. அடுத்த அறுவடை வந்ததும் விலை தானா இறங்கிடுச்சு.

மழை, வெயில், பூச்சி, லாரி வாடகை. காய்கறி விலைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். ஏறும், இறங்கும். எல்லா விலையேற்றமும் யாரோ செய்ற சதின்னு நாமளும் சொல்லக் கூடாது.

ஆனா பாக்கெட் சாமான் கதை வேற. அங்க விலை ரெண்டு வழியில ஏறும். ஒண்ணு, எம்.ஆர்.பி. ஏறுறது. அது கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு, எம்.ஆர்.பி. அப்படியே இருக்க, உள்ளே இருக்கிற கிராம் குறையுறது. அது தெரியாது.

உதாரணத்துக்கு, 20 ரூபாய்க்கு 100 கிராம் பிஸ்கட்டு. அதையே 85 கிராம் ஆக்கிட்டாங்கன்னு வைங்க. அதே கலரு, அதே படம், அதே 20 ரூபாய். கிராம் 20 காசா இருந்தது இப்ப இருபத்திமூணரைக் காசு. கிட்டத்தட்ட 18 சதவீதம் விலை ஏத்தியாச்சு. யாருக்கும் தெரியாது. குழந்தை மட்டும் "அம்மா, சீக்கிரம் காலியாயிடுச்சு"ன்னு சொல்லும்.

இது எப்படி முடிஞ்சது? முன்னாடி நம்ம நாட்டுல ஒரு விதி இருந்தது. பிஸ்கட், பிரெட், பருப்பு, டீத்தூள், காபி, சமையல் எண்ணெய், உப்பு, சோப்புன்னு 19 வகைப் பொருட்களை இந்தந்த எடையில்தான் பாக்கெட் போடணும்னு சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு அட்டவணையே இருந்தது. 2021-ல் திருத்தம் கொண்டுவந்து அந்த அட்டவணையை எடுத்துட்டாங்க. கம்பெனி இஷ்டத்துக்கு எந்த எடையிலும் பாக்கெட் போடலாம்.

பதிலுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. பாக்கெட்டில் 'கிராமுக்கு இவ்வளவு'ன்னு அலகு விலையை அச்சிடணும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்னா கிராமுக்கு, அதுக்கு மேல போனா கிலோவுக்கு. நல்ல விதிதான். ஆனா எங்க அச்சடிக்கிறாங்க? பாக்கெட்டுக்குப் பின்னாடி, மடிப்புக்குப் பக்கத்துல, 'யு.எஸ்.பி.'ன்னு எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல. எம்.ஆர்.பி. பார்க்கத் தெரிஞ்ச நம்ம அம்மாவுக்கு இந்த மூணு எழுத்துக்கு அர்த்தம் யார் சொன்னாங்க?

எண்ணெய் பாக்கெட்டையும் பாருங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பக்கத்துல அதே உயரத்துல இன்னொரு பாக்கெட், பத்து ரூபாய் கம்மி. திருப்பிப் பார்த்தா 800 கிராமோ 850 மில்லியோ இருக்கலாம். கம்மி விலைன்னு எடுத்துட்டு வந்து கூடுதல் விலை கொடுத்திருப்போம்.

வரியும் சேர்ந்து அடிக்குது

2022 ஜூலை 18. அன்னைக்கு முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, கோதுமை மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. அதுக்கு முன்னாடி பதிவு செய்த பிராண்டுகளுக்குத்தான் இருந்தது. அண்ணாச்சி கடையில சில்லறையா அளந்து வாங்கினா வரி இல்லை. 25 கிலோவுக்கு மேல மூட்டையா வாங்கினாலும் வரி இல்லை. அதனாலதான் திடீர்னு 26 கிலோ அரிசி சிப்பம் கடைக்கு வந்தது!

இதுக்கு என்ன அர்த்தம்? மொத்தமா பணம் கட்டி 26 கிலோ சிப்பம் தூக்கிட்டுப் போறவருக்கு வரி இல்லை. வாரக்கூலி வாங்கி ஒரு கிலோ பாக்கெட் வாங்குறவங்களுக்கு வரி. வாடகை வீட்டுல மூட்டை வைக்க இடமில்லாத குடும்பத்துக்கு வரி. 2025 செப்டம்பர் 22-ல் பெரிய வரிக்குறைப்புன்னு கொண்டாடினப்போகூட பாக்கெட் அரிசி, பருப்பு மேல அந்த 5 சதவீதம் அப்படியே இருக்கு.

அந்த செப்டம்பர் வரிக்குறைப்பில் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம் ஆச்சு. வரவேற்க வேண்டியதுதான். ஆனா கணக்குப் போடுங்க. பழைய எம்.ஆர்.பி. நூறு ரூபாய்னா புது விலை 89 ரூபாய்க்கு வந்திருக்கணும். பத்து ரூபாய் பாக்கெட் விலை மாறலைன்னா, 50 கிராம் 56 கிராம் ஆகியிருக்கணும். உங்க வீட்டுல ஆச்சா?

ஆகலைன்னா யார்கிட்ட போறது? வரி குறைஞ்ச பலனை மக்களுக்குக் கொடுக்காம கம்பெனி அமுக்கிக்கிட்டா கேட்கிறதுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே 171-வது பிரிவு இருக்கு. ஆனா அதன்கீழ் புதுப் புகார் வாங்குறதை 2025 ஏப்ரல் 1 முதல் நிறுத்திட்டாங்க. வரியைக் குறைக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கேட்கிற கதவைச் சாத்தியாச்சு!

எண்ணெய்க் கதையும் இதேதான். நம்ம நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல இறக்குமதி. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து ஒரே அடியா 27.5 ஆக்கினாங்க. பண்டிகை சீசன் தொடங்குற நேரம். எண்ணெய்வித்து விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கணும்னு காரணம் சொன்னாங்க. விவசாயிக்கு விலை கிடைக்கணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்தப் பாரத்தை வடைசட்டி மேல மட்டும் இறக்கி வச்சது நியாயமா? எட்டு மாசம் கழிச்சு, 2025 மே கடைசியில்தான் 16.5 ஆகக் குறைச்சாங்க.

கோபம் யார் மேல?

தோழர்களே, ஒரு வேண்டுகோள். பில் போடுற பொண்ணுகிட்ட கத்தாதீங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு, சாயந்திரம் அவங்களும் இதே விலையிலதான் சாமான் வாங்கிட்டுப் போறாங்க. ரேக் அடுக்குற தம்பிக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

யோசிச்சுப் பாருங்க. 2007-ல் தொடங்கின சிறப்புப் பொது விநியோகத் திட்டத்துல ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அங்க 50 கிராம் குறைஞ்சா நாம சண்டை போடுறோம், போடணும். ஆனா ஏசி போட்ட கடையில 50 கிராம் குறைஞ்சா சத்தமில்லாம கார்டைத் தேய்ச்சுட்டு வந்துடுறோம். ஏன்? மானிய விலையில வாங்குறப்போ இருக்கிற உரிமை உணர்வு, முழு விலை கொடுத்து வாங்குறப்போ ஏன் இல்லாம போச்சு?

நாம கேட்கிறது இவ்வளவுதான்

1. அரிசி, பருப்பு, எண்ணெய், டீத்தூள், உப்பு போன்ற அன்றாடப் பொருட்களுக்காவது நிலையான எடை விதியைத் திரும்பக் கொண்டுவரணும்.

2. கிலோவுக்கு என்ன விலைன்னு கடை ரேக்கிலேயே, விலைச் சீட்டில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்கணும்.

3. எடையைக் குறைச்சா பாக்கெட்டுக்கு முன்பக்கமே அதைச் சொல்லணும். பிரான்ஸ் நாட்டில் 2024 ஜூலை முதல், எடை குறைச்சு விலை ஏத்தின பொருளுக்குப் பக்கத்துல பெரிய கடைகள் ரெண்டு மாசம் அறிவிப்பு வைக்கணும்னு விதி இருக்கு. அங்க முடியும்னா இங்க ஏன் முடியாது?

4. பாக்கெட் அரிசி, பருப்பு, மாவு மேல இருக்கிற 5 சதவீத வரியை எடுக்கணும்.

5. 171-வது பிரிவில் புகார் வாங்குறதைத் திரும்பத் தொடங்கணும்.

இதுல பெரும்பாலானது டெல்லியில முடிவாகிறது. ஆனா எடையளவு சட்டப்படி கடையில சோதனை போடுறது மாநிலத் தொழிலாளர் துறையோட வேலை. யார் ஆட்சியில இருந்தாலும் ரெண்டு இடத்துலயும் கேட்போம்.

உங்களுக்கு ஒரு வேலை

மீம்ஸ் போட்டுச் சிரிச்சுட்டுப் போறதோட முடிக்க வேணாம். இந்த மாசம் ஒண்ணு செய்ங்க. வீட்டுல வழக்கமா வாங்குற அஞ்சு சாமானோட எடை, விலை, கிராம் விலை மூணையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. காலி பாக்கெட் ஒண்ணைத் தூக்கிப் போடாம வைங்க. அடுத்த மாசம் வாங்குறதோட ஒப்பிடுங்க. பெரிய பாக்கெட் எப்பவும் மலிவுன்னும் நம்பாதீங்க. சில ஷாம்புல ஒரு ரூபாய் சாஷேதான் மில்லி கணக்குல பாட்டிலைவிட மலிவா இருக்கும். கணக்குப் போட்டாத்தான் தெரியும்.

எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கினாலோ, போட்டிருக்கிற எடை உள்ளே இல்லைன்னாலோ, அலகு விலை அச்சிடலைன்னாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. பில்லைப் பத்திரமா வைங்க. பில் இருந்தா புகாரை நிரூபிக்கிறது சுலபம்.

எடை குறைஞ்சதைக் கண்டுபிடிச்சா பழைய பாக்கெட், புது பாக்கெட் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படம் எடுத்து கமென்ட்ல போடுங்க. பழைய படத்தைப் புதுசுன்னு போடாதீங்க. ஒரு பொய் படம் வந்தா நூறு உண்மைப் படத்தையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க.

முக்கியமா, இந்தக் கணக்கை உங்க வீட்டு அம்மாவுக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. அன்னைக்கு வரிசையில நெய்யைத் திருப்பிக் கொடுத்த அக்கா தலை குனிஞ்சு நின்னாங்க. குனிய வேண்டியது அவங்க தலை இல்லை.

பாக்கெட்டைத் திருப்புங்க. கணக்கைக் கேளுங்க. பகிருங்க தோழர்களே!

#பாக்கெட்டைத்திருப்பு #கிராம்கணக்கு #விலைவாசி