பச்சைப் பூச்சி எல்லாம் ஒரே பூச்சி இல்லை



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உளுந்து போட்டிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் பச்சைப் பூச்சி படம் அனுப்பி, "சார், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: மருந்துக் கடைக்குப் போகும் முன், வந்திருப்பது யார் என்று பாருங்கள்.

கேடயம் போன்ற உடம்பு, ஒன்றரை செ.மீ. நீளம். முதுகில் ஒரு முக்கோணம். அதன் முன்விளிம்பில் வரிசையாக மூன்று வெண்புள்ளிகள் இருந்தால் அது பச்சை நாவாய்ப்பூச்சி. கையில் பிடித்தால் மூட்டைப்பூச்சி வாடை வரும். 1758-ல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது மூட்டைப்பூச்சியோடு சைமெக்ஸ் என்ற இனத்தில்தான் சேர்த்தார். இன்றைய பெயர் நெசாரா விரிடுலா. இரவில் விளக்கில் மொய்க்கும் பச்சைத் தத்துப்பூச்சி வேறு, பொன்வண்டு வேறு.

இது அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. 30-க்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் சாறு உறிஞ்சும். உளுந்து, பயறு, எள், பருத்தி, தக்காளி, வெண்டை, நெற்கதிர் எதையும் விடாது. காய் பால் பிடிக்கும் சமயம்தான் இதற்கு விருந்து. ஊசி வாயால் குத்தி உறிஞ்சினால் உள்ளே பருப்பு சுருங்கிப் பொக்காகிவிடும். நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் இருப்பதால் தப்பிக்கிறது.

பிறகு ஏன் உடனே மருந்து வேண்டாம் என்கிறேன்? இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். குட்டிப் பீப்பாய்களை அடுக்கியது போல வெளிர்மஞ்சள் முட்டைகள் கூட்டமாக இருக்கும். பொரிக்கும் முன் அவை இளஞ்சிவப்பாகும். கறுத்துப் போயிருந்தால், எறும்பைவிடச் சிறிய குளவி ஒன்று அதற்குள் முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். அந்த முட்டையிலிருந்து நாவாய்ப்பூச்சி வராது, குளவிதான் வரும். இந்தக் குளவி இனத்தில் ஒன்றை 1933-ல் எகிப்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் கப்பலில் வரவழைத்த வேலையாளை நாம் காசு கொடுத்து மருந்தடித்துக் கொல்வதா?

இன்னொன்று. பழுப்பு நிறத்தில், தோள் இரண்டும் முள்ளாக நீண்ட நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு. அது பயிரைத் தொடாது, புழுக்களைக் குத்திக் குடிக்கும். அதையும் சேர்த்துக் கொன்றால் அடுத்த வாரம் புழுவுக்குத் தனி மருந்து வாங்க வேண்டும்.

"ஏக்கர் கணக்கில் போட்டவனுக்கு இலை திருப்ப நேரமேது?" என்பீர்கள். நியாயம்தான். நாலு மூலையிலும் நடுவிலும் பத்துப் பத்துச் செடி பார்த்தால் போதும். கொஞ்சமாக இருந்தால் காலையில் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள். பெருகிவிட்டால் பூச்சியை டப்பாவில் போட்டு, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். டி.எம்.வி. என்ற பெயரில் நம் ஊரை நாடெங்கும் கொண்டுபோன இடம் அது. விற்கிறவரிடம் கேட்பதைவிட அங்கே கேட்பது மேல்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது முதுகும் இலையின் அடிப்பக்கமும் தெரியும்படி அனுப்புங்கள், பிள்ளைகளா.