பந்தியில் "வேண்டாம்" என்பவர்

விருந்தினரை வற்புறுத்தி உண்ணச் செய்வது தமிழர் வழக்கம். கடல் கடந்து வந்த பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. ஆனால் அன்னதானப் பந்தியில் புளிக்குழம்பை "வேண்டாம்" என்று மறுக்கும் பெண்மணி ஒரு நோயாளியாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

சலப்பையில் நாட்பட்ட நோவு என்றொரு வருத்தம் உண்டு. அடிவயிற்றில் நோவு, அடிக்கடி சலம் கழிக்கும் அவசரம், இரவில் நித்திரைக் குறைவு ஆகியன அதன் குணங்கள். சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமி காணப்படாது. 1915 இல் அமெரிக்க வைத்தியரான கை ஹன்னர் சலப்பைச் சுவரில் தோன்றும் புண்களை விபரித்தார். எனினும் பெரும்பாலானோரிடம் அப்புண்களும் இருப்பதில்லை. ஆதலால் "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்ற சொல்லைக் கேட்டு மனம் நொந்தவர் பலர். பெண்களையே அதிகம் பிடிக்கும் வருத்தமாதலால் கூச்சத்தினால் வீட்டாரிடமும் சொல்வதில்லை.

உணவு இந்நோயை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. ஆனால் பலருக்கு நோவைக் கிளறிவிடுகிறது. கோப்பி, தேநீர், தேசிக்காய், தோடம்பழம், தக்காளி, மிளகாய், மதுபானம், காற்றடைத்த குளிர்பானம், செயற்கை இனிப்பு என்பன அடிக்கடி குறிப்பிடப்படுபவை. கிருமித் தொற்றைத் தடுக்கவென்று பலரும் பருகும் கிரான்பெரிச் சாறுகூட இவர்களுக்கு எரிவைக் கூட்டலாம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டலும் உணவைக் கவனிப்பதை மருந்துக்கு முந்திய படியில் வைத்தது.

எனினும் ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஆகலாம். பட்டியலில் உள்ள யாவற்றையும் காலமெல்லாம் விலக்கினால் உடம்புதான் மெலியும். சந்தேகமானவற்றைச் சில வாரங்கள் நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, நாட்குறிப்பில் எழுதிவருவதே தக்க முறை. சலம் கழிக்கப் பயந்து தண்ணீரைக் குறைப்பது தவறு. சிறுநீர் செறிவடைந்து எரிவு அதிகரிக்கும். நீரும் அருந்தாத விரதத்தை இவர்கள் வைத்தியரைக் கேளாமல் அனுட்டித்தல் ஆகாது. சிறுநீரில் இரத்தம் கண்டால் உணவில் பழிபோட்டுக் காத்திராது உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கோயில் மடைப்பள்ளியால் ஆகக்கூடிய உதவியும் உண்டு. தேசிக்காய் பிழியுமுன் சொதியில் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். மிளகாய் சேர்க்காத பருப்பு ஒரு சட்டியில் இருக்கலாம். செலவு எதுவுமில்லை, சிறிது கவனமே தேவை.

அதனிலும் பெரிய உதவி, மறுப்பவரை ஏனென்று பலர் முன்னிலையில் கேளாதிருத்தல். வயிறார உண்ணச் செய்வது உபசாரமானால், நோவின்றி வீடு திரும்பச் செய்வதும் உபசாரமே.