சீமைக்குப் போகுமுன்

நிலக்காட்சிச் சித்திரம் எழுதுவதற்கென்றே விடுமுறையில் பிறதேசம் செல்வோர் உண்டு. சௌகரியமுள்ளவர்கள் தாராளமாகப் போய் வரட்டும். ஆனால் 1792-ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர், தம் சகோதரர் மகன் வில்லியமுடன் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினார். நாம் அன்றாடம் கடந்து போகும் கோபுரத்தையும் அருவியையும் நின்று பார்த்து எழுதிச் சென்றார். நமக்கு நிற்கப் பொழுது எப்போது வரும்?

காரைக்காலை அடுத்த பட்டினச்சேரிக் கரையில் ஒருநாள் விடியுமுன் உட்காருங்கள். கடலிலிருந்தே சூரியன் எழும்; படகுகள் கரை சேரும்; மணலில் வலை விரியும். வெயில் ஏறினாலோ நிழல் குறுகிவிடும். தாளில் வர்ணமும் சட்டென்று காய்ந்துவிடும். கை விரைய வேண்டும். கண் அதற்கு முன்னே விரைய வேண்டும். இந்தப் பாடத்தைச் சொந்தக் கரையில் கற்றவருக்கே ஆல்ப்ஸ் மலையும் தன் அழகைக் காட்டும்.